மூணாவது மைக்

அக்கா: …அது கெடக்கட்டும். இந்தக் காது மெஷின்ல மூணாவது மைக் ஏன்டா ஊளையிடுது?

தம்பி: மத்தியானம் வந்ததும் வராததுமா இதுதான் கேள்வியா? உன் குரல் ஒட்டிக்கிச்சு போல.

அக்கா: பல்லைக் காட்டாத. மத்த மூணு மைக்கும் ஒழுங்கு. இது மட்டும் பாட்டில் வாயில ஊதுற மாதிரி…

தம்பி: மைக் ஓட்டைக்குப் பின்னாடி காத்து இருக்குல்ல, கொஞ்சம் பாடத்தான் செய்யும். அதை அமுக்கத்தானே ஓட்டை மேல வலை ஒட்டுறோம்.

அக்கா: கொஞ்சமா? வண்டி ஹார்ன் சுருதியில பாடுது! காதுக்குக் கேக்காத உச்ச சுருதியிலல்ல இருக்கணும்? வாயத் திற.

தம்பி: வலை பிஞ்சு பிஞ்சு வந்துச்சுக்கா. பசையை அதிகமா வெச்சேன். பாதி ஓட்டை அடைச்சிருச்சு. ஓட்டை சின்னதானா சுருதி எறங்கிரும்ல…

அக்கா: எத்தனை மெஷின்ல?

தம்பி: சோதனைக்குச் செஞ்ச ஆறுலயும்.

அக்கா: ரிப்போர்ட்ல கிராஃப் சுத்தமா இருந்துச்சே! அதை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்!

தம்பி: அது… ரெண்டாவது மைக்கோட கிராஃப்.

அக்கா: அடப்பாவி!

தம்பி: கத்தாத, மேனேஜர் காதுல விழுந்தா எனக்கு வேலை போயிரும். நாலுல ஒண்ணுதானே…

அக்கா: எந்த மைக்குக்கு முதல்ல கேட்டுச்சு, எதுக்கு அப்புறம் கேட்டுச்சுன்னு பாத்துத்தானே அது திசை சொல்லுது? ஒண்ணு அடைச்சுப் போய்ப் பிந்துனா?

தம்பி: திசை தப்பும்.

அக்கா: எவ்வளவு தப்பும்? சொல்லித் தொலைடா!

தம்பி: மாட்டிப் பாத்தேன். இடது பக்கம் ஹார்ன் அடிச்சா… வலது பக்கம் கேக்குது.

அக்கா: தெரிஞ்சே மூடி வெச்சியா?

தம்பி: இப்ப யாரு குடி முழுகிப் போச்சு? ஒருத்தர் காதுக்கும் போகலையே. எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு. பிரிச்சு வேற வலை ஒட்டிட்டா…

அக்கா: எண்ணிப் பாரு.

தம்பி: எதுக்கு…

அக்கா: எண்ணு!

தம்பி: ஒண்ணு, ரெண்டு… நாலு, அஞ்சு… அக்கா, உன் கையில இருக்கிறதையும் சேத்து அஞ்சுதான் இருக்கு! ஐயோ, எவன் எடுத்தான்? சாவி உங்கிட்டதானே…

அக்கா: நான்தான் எடுத்தேன். போன வாரம். பழைய மெஷினை வெச்சுக்கிட்டு வீட்ல உன் மாமா படுற பாடு பொறுக்கல, அவருக்கு மாட்டி விட்டேன். இன்னைக்குக் காலையில அவரு ரோட்டைத் தாண்டும்போது இடது பக்கம் லாரி. ஹார்ன் அடிச்சேன்னு டிரைவர் சத்தியம் பண்றான். வலது பக்கம்தான் கேட்டுச்சு, அதான் இடது பக்கம் ஒதுங்குனேன்னு ஸ்ட்ரெச்சர்ல கெடந்துக்கிட்டு அவரும் திரும்பத் திரும்பச் சொல்றாரு. தலையில அடி, உளறுறாருன்னு டாக்டர் எழுதிட்டாருடா.