முட்டை அட்டை மெத்தை

— இல்ல அருணாக்கா, அந்தப் பெரிய மெத்தை வேணவே வேணாம். அத முதுகுல கட்டிக்கிட்டு ஏறுனா நான் பாதி மலைக்குப் போறதுக்குள்ள நீங்க எல்லாரும் எறங்கி வந்துருவீக.

— ஏண்டி வேல்விழி, ஆர்த்தி மேடம்தான டூருக்குப் பொறுப்பு? அவுகதான் அம்புட்டு தெளிவா மெசேஜ் போட்டிருக்காகளே. எல்லாருக்கும் சாதா மெத்தை போதும், வேல்விழி மட்டும் தடியா நல்ல மெத்தையாக் கொண்டு வரணும்னு.

— அதான்க்கா எரிச்சலே! பதிமூணு பேரு போறோம். என்ன மட்டும் ஏன் தனியாச் சொல்லணும்? அதோட விட்டாகளா? ஒங்க பைய நாங்க தூக்கிக்கிறோம், நீங்க உச்சிக்கு ஏற வேணாம், கீழ கேம்ப்லயே சமையல்காரம்மா கூட இருங்கன்னு வேற. நான் என்ன நோஞ்சானா? அந்த உச்சியில நிக்கணும்னுதான தீவாளி லீவு எப்ப வரும் எப்ப வரும்னு கெடந்தேன்!

— ஆத்தீ, கத்தாதடி. கடைக்காரரு பாக்காரு.

— பாக்கட்டும். அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. வெல கம்மியா, தூக்குறதே தெரியாம லேசா, படுத்தா மெத்துன்னு ஒண்ணு வேணும். இத நான் ஒருத்தியாச் சொமந்து உச்சி வரைக்கும் ஏறிக் காட்டணும், அதான் சங்கதி.

— மூணும் ஒண்ணுலயே கேட்டா எப்படிம்மா? வெலையும் கம்மி, கனமும் கம்மின்னா ஃபோம் மெத்தை. கனம் கம்மி, சொகுசு கூடன்னா காத்தடிக்கிற மெத்தை. ஆனா அது வெல கூடும், பாத்துக்கிடுங்க.

— சீனிவாசகம் அண்ணாச்சி, இவளுக்குக் காத்து மெத்தையவே காட்டுங்க. மேடம் பேச்ச மீற வேணாம்.

— இந்தாங்க. நைலான். அரைக் கிலோதான் இருக்கும். ஊதுனா நாலு வெரல் தடிக்கு வரும்.

— நைலானா? கொண்டாங்க, கையில தேச்சுப் பாக்கேன்.

— என்னம்மா பண்றீக? எதுக்குக் கைய உத்து உத்துப் பாக்கீக?

— முடி எந்திரிக்குதான்னு பாக்கேன் அண்ணாச்சி. பாருங்க, எந்திரிச்சிருச்சு! நாங்க பட்டாசுக் கம்பெனியில வெடிக்கு மருந்து செலுத்துற ஆளுக. நைலான் சேலை கட்டுனா உள்ளயே விட மாட்டாக, உரசுனா பொறி வரும்னு. ஒடம்புல இருக்க கரண்டு எறங்கட்டும்னு வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் ரூமுக்குள்ளயே போவோம். ராத்திரி முச்சூடும் இது மேல உருளச் சொல்றீகளா?

— அடியே, மலையில வெடிக்கிறதுக்கு என்னடி இருக்கு?

— எனக்குத் தெரியும்க்கா. என் ஒடம்புக்குத் தெரியணும்ல? ஒவ்வொரு தடவை பெரளும்போதும் செம்புத் தகடு எங்கன்னு தேடுவேன்.

— அப்ப யோகா மேட்டு எடுத்துக்கிறீகளா?

— அது ஒரு கிலோ கனம் இருக்கும் போல அண்ணாச்சி. சுருட்டுனா வெறகுக் கட்டை கணக்கா இருக்கு.

— அப்ப இதுதாம்மா ஒங்களுக்கு. முட்டை அட்டை கணக்கா குழி குழியா இருக்கு பாருங்க. மடிச்சுப் பையில மாட்டிக்கிடலாம். நானூறு கிராம். முள்ளு குத்துனாலும் பஞ்சராகாது. ஒரு பக்கம் வெள்ளிப் பேப்பர் ஒட்டியிருக்கு, அந்தப் பக்கம் மேல வரணும். ஒடம்புச் சூட்ட வெளிய விடாது, பாத்துக்கிடுங்க.

— விரிங்க அண்ணாச்சி, படுத்துப் பாக்கேன்.

— கடையிலயாடி?

— பின்ன? வாங்கிட்டு மலையில போயா பாக்க? தள்ளி நில்லுங்கக்கா.

— ஆத்தீ, என் மானத்த வாங்குறாளே!

— மல்லாக்கப் படுத்தா தெரியாதும்மா. ஒருக்களிச்சுப் படுங்க. இடுப்பெலும்பு தரையில முட்டுதா?

— முட்டல அண்ணாச்சி! நெசமா முட்டல! யக்கா, நீங்களும் வந்து படுங்க.

— நானா? போடீ. ரோட்டுல போறவுக எல்லாம் பாக்காக... சரி, கொஞ்சம் அங்கன தள்ளு. ம்ம். நல்லாத்தான் இருக்கு.

— எந்திரிங்கம்மா, நீங்க ரெண்டு பேரும் இங்கனயே கேம்ப் போட்ருவீக போல. ஏவாரம் நடக்கணும்.

— அண்ணாச்சி, இதுலயே ரெண்டு போடுங்க.

— பொறுடி. எனக்குச் சரி. ஒனக்கு? இது தடி பத்தாதுன்னு சொல்லி மேடம் ஒன்னயக் கீழயே விட்டுட்டா?

— நெசமா விட்ருவாகளாக்கா? நீங்க பன்னெண்டு பேரும் உச்சியில நின்னு போட்டோ எடுக்க, நான் கீழ ஒக்காந்து வெங்காயம் உரிக்கணுமா?

— மூஞ்சியத் தூக்காதடி. எனக்கும்தான் புரியல. ஒரே கம்பெனி, ஒரே வேலை. ஒன்னவிட நான் ஏழு வயசு மூப்பு, என்ன ஏறச் சொல்றாக. ஒன்னப் போயி... மேடம் போன்ல அனுப்புன அந்த ஃபாரத்துல எதையும் எழுதித் தொலைச்சியா?

— நல்லா இருக்கே! ஒளிவு மறைவே இல்லாம எழுதுனேன். இந்தாங்க போனு, நீங்களே பாருங்க.

— பேரு வேல்விழி. வயசு இருவத்தி மூணு. ஊரு தாயில்பட்டி. தொழில் பட்டாசு. எல்லாம் சரியாத்தான இருக்கு.

— அதான சொல்றேன்!

— இரு, தொழிலுக்குக் கீழ ஒரு கேள்வி இருக்கு. 'தினமும் மருந்து எடுப்பவரா? அளவைக் குறிப்பிடவும்.' எனக்கு வந்ததுலயும் இருந்துச்சு, இல்லன்னு போட்டேன். நீ... அடியே! அடிப்பாவி! என்னடி எழுதி வச்சிருக்க?

— உள்ளதத்தான்க்கா எழுதுனேன். 'ஆமாம். சீசன்ல ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ. தொணைக்கு யாரும் வேணாம், நானே செலுத்திக்கிருவேன்'னு. ஏன்க்கா இப்படிச் சிரிக்கீக? அண்ணாச்சி, நீங்களுமா? எட்டுக் கிலோ கம்மிங்கிறீகளா, கூடங்கிறீகளா?