பேனாவுக்கு மை

“இந்தத் தடவை பாஸ் பண்ணித் தொலைச்சிடாதடி.”

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ்ஸில் கண்ணயரப் போன என்னை இந்தக் குரல் எழுப்பிவிட்டது. முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகள் பத்தாவது இங்கிலீஷைத் திரும்ப எழுதப் போகிறாள். மடியில் கைடு விரிந்திருந்தது.

“டேக் ஆஃப்னா ஏரோப்ளேன் கிளம்பறது, சட்டையக் கழட்டறது, லீவு எடுக்கறது, இன்னொருத்தர மாதிரி நடிச்சுக் காட்டறது…”

“நான் சொல்லிக்கினே இருக்கேன், நீ படிச்சிக்கினே வர்ற. மாப்பிள்ள பத்தாவது ஃபெயிலு. பொண்ணும் ஃபெயிலுதான்னு சொல்லித்தான் உங்கப்பா பேசி முடிச்சாரு. நீ மேல போய்ட்டா அவங்க வேணாம்னுடுவாங்க.”

“போன ரெண்டு தடவையும் ஒண்ணும் புரியலம்மா. இப்பதான் எல்லாம் தெரியுது.”

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டும். பேப்பர்ல எழுதாத.”

“எழுதாம எப்படிம்மா உக்காந்திருக்கறது?”

“கொஞ்ச நேரம் உக்காரு. வெளிய வுடறதுக்கு மணி அடிச்சதும் பேப்பரக் குடுத்துட்டு வந்துடு. நான் கேட்டாண்டதான் நிப்பேன்.”

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் மகள் கைடை மூடிவிட்டாள். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தாய் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திண்டிவனத்தில் இறங்க எழுந்தபோது மகள் கேட்டாள்.

“அப்ப காலைல எதுக்கும்மா பேனாவுக்கு மை ரொப்பிக் குடுத்த?”

“உன் நம்பர எழுத வேணாமா?”