உக்காந்த எடத்துல மேற்பார்வை

...அதுக்குப் பேரு புல்லு வெட்டறதா தம்பி? நீங்களே சொல்லுங்க. மொதல்ல ஒருத்தன் வந்தான், மழிச்சு விட்டுட்டுப் போயிட்டான்! மண்ணு தெரியுது, மண்ணுல எறும்பு போறது தெரியுது. என்னப்பா இதுன்னு கேட்டா, "ஒட்ட வெட்டினா ரொம்ப நாளைக்குக் கவலையே இல்ல சார்"ங்கறான். யாரோட கவலையைக் கொறைக்கறான் பாத்தீங்களா! ...வாங்க, வாங்க, ஏன் கேட்டுலயே நிக்கறீங்க? மெஷினை உள்ள உருட்டிட்டு வாங்க. பாத்து, பாத்து! அந்த ஓரத்துல புதுசா புல்லு பதிச்சிருக்கேன், அதும்மேல ஏத்திடாதீங்க. ஹாங்... அப்படியே சுத்தி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் எதையும் தொடவே மாட்டேன். இதோ இருக்கே நாற்காலி, இது எம் பொண்ணு வாங்கிப் போட்டது. இதுல உக்காந்து மேற்பார்வை பாக்கணும், அவ்வளவுதான் எனக்கு உத்தரவு. போன வாட்டி வேலிச்செடிக்கு அடியில களை பிடுங்கறேன்னு குனிஞ்சேன்... குனிஞ்சவன் குனிஞ்சதுதான்! நிமிரவே முடியல. ஆம்புலன்ஸ்ல படுக்க வைக்கவும் முடியல, உக்கார வைக்கவும் முடியல. மடக்குக் கட்டிலைத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போனானுங்க. எதுத்த வீட்டம்மா போட்டோ வேற எடுத்து வெச்சிருக்கா, கேட்டா காட்டுவா.

ஆஸ்பத்திரியில அத்தனை பேரு முன்னாடியும் எம் பொண்ணு சொல்லிட்டா. "இன்னொரு தடவை நீ தோட்டத்துல வேலை செஞ்சேன்னு தெரிஞ்சுது, மொத்தத்தையும் சிமென்ட் போட்டு மூடிடுவேன்." சொன்னா செய்வா தம்பி, அப்படியே அவ அம்மா. சிமென்ட் போடறவன் நம்பரை போன்ல ஏத்தியே வெச்சிருக்கா. இன்னிக்கு சாயந்திரம் வர்றா. எதுக்குங்கறீங்க? ஆள் வெச்சிருக்கேனான்னு பாக்கறதுக்குன்னே வர்றா. அதனால நீங்க வேலை செய்யறதை அவ கண்ணால பாக்கணும். புரியுதுல்ல?

சிரிக்கறீங்க. எனக்குச் சிரிப்பு வரல. காலையில பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி நான் வந்து நிக்கற எடம் இது. இது போச்சுன்னா நான் எதுக்கு எந்திரிக்கணும்? சிமென்ட்டைப் பாக்கறதுக்கா?

சரி, ஆரம்பிங்க. மொதல்ல எலையை வாரிடுங்க, அப்புறம் மெஷினை ஓட்டலாம். ...ஐயய்ய, அப்படி இல்ல தம்பி! அப்படி அழுத்தி இழுத்தா புல்லு வேரோட வந்துடும். தலை சீவற மாதிரி... இல்ல இல்ல, அது சொறியற மாதிரி இருக்கு. அந்தப் பல்லு வெச்ச ரேக்கை இப்படிக் குடுங்க. காட்டிட்டுக் குடுத்துடறேன், ஒரே நிமிஷம். இதோ... இப்படி... இப்படி. பாருங்க, எலை மட்டும் எப்படி வருதுன்னு!

உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் வந்தான், ஊதாங்குழல்னு பேரு வெச்சேன். எலை ஊதற மெஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு, எங்க வீட்டு எலையையெல்லாம் எதுத்த வீட்டுக்கு ஊதிட்டான். அந்தம்மா சும்மா இருப்பாளா? அவனையே கூப்பிட்டு, அவ வீட்டு எலையோட சேத்துத் திருப்பி இங்க ஊத வெச்சுட்டா! ரெண்டு வீட்டுலயும் கூலி வாங்கிட்டுப் போனான் படவா. அவனுக்கு அப்புறம் வந்தவன் காதுல எதையோ சொருகிக்கிட்டு ஆடிக்கிட்டே வெட்டறான். நான் தொண்டை கிழியக் கத்தறேன், "அந்தப் பக்கம் போகாதே, அது செடி!" அவன் பாட்டுக்குத் தலையாட்டறான். சரி, புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். பாட்டுக்கு ஆட்டியிருக்கான்! செடி போச்சு.

ஆச்சு, இந்தப் பக்கம் முடிஞ்சுது. அந்தப் பையைப் பிரிச்சுப் பிடிங்க, அள்ளிப் போட்டுடறேன். ...வேணாம், நீங்க பிடிச்சா பாதி வெளிய விழுது. நானே பாத்துக்கறேன். மெஷினை எப்படிக் கிளப்பறது, இந்தக் கயித்தை இழுக்கணுமா? இல்ல, சும்மாதான் கேக்கறேன். இழுத்துப் பாக்கறேனே ஒரு தடவை... அட! என்ன சுளுவாக் கிளம்புது! நல்லா வெச்சிருக்கீங்க தம்பி மெஷினை. ஒரே ஒரு சுத்து ஓட்டிட்டுத் தர்றேன், எவ்வளவு உயரத்துக்கு வெட்டணும்னு உங்களுக்கு ஒரு அளவு வேணும்ல?

...என்ன? கேக்கல! நீங்க ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க, குறுக்க குறுக்க வர்றீங்க. அப்படி நாற்காலியில உக்காருங்க. தண்ணி பாட்டில் கீழ இருக்கு, குடிங்க!

அப்பாடா. நிறுத்திட்டேன். எப்படி இருக்கு? கம்பளம் விரிச்ச மாதிரி இல்ல? இதத்தான் சொல்றேன், ஒருத்தனுக்கும் பொறுமை கிடையாது. கடைசியா வந்தானே ஒருத்தன், மௌனசாமி, அவன் ஒருத்தன்தான் உருப்படி. எதைச் சொன்னாலும் "சரிங்க". காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சவன் மத்தியானம் வரைக்கும் "சரிங்க". சாப்பிடப் போறேன்னு பின்பக்கம் போனான், போனவன்தான். சுவரேறிக் குதிச்சுப் போயிருக்கான்யா! கேட்டு தொறந்துதானே இருந்துச்சு, கேட்டு வழியாப் போறதுக்கென்ன? டிபன் பாக்ஸை விட்டுட்டுப் போயிட்டான். கழுவி வெச்சிருக்கேன். வந்து வாங்கிக்கப்பான்னு போன் பண்ணா, அவன் பொண்டாட்டி எடுத்து, "நீங்களே வெச்சுக்குங்க ஐயா"ங்கறா. நான் என்ன அடிச்சேனா, திட்டினேனா? பேசினேன். பக்கத்துல நின்னு பேசினேன், அவ்வளவுதான்!

இந்த வேலிக்கு அடியில பாத்தீங்களா, களை? இதுதான் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பின களை. என்ன திமிரா நிக்குது பாருங்க. இதுக்கு மெஷின் ஆகாது, கையாலதான் எடுக்கணும். இருங்க இருங்க, நீங்க எந்திரிக்காதீங்க, உங்களுக்கு எது களை எது செடின்னு தெரியாது. குனிய மாட்டேன் தம்பி, பயப்படாதீங்க. முட்டி போட்டுக்கறேன். குனிஞ்சாதானே இடுப்பு பிடிக்கும்? முட்டிக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

வந்துது... வேரோட வந்துது. இந்த வேலி ஓரத்துல ஒரு நாளைக்கு நீங்க நிதானமா... ஐயோ, அது கார் சத்தமா? தம்பி, கார் நிக்குதான்னு பாருங்க! வந்துட்டா! சாயந்திரம்னா சாயந்திரம் வரணும், இவ என்ன வெயில் தாழறதுக்குள்ள வர்றா? சீக்கிரம் எந்திரிங்க, எந்திரிச்சு ரேக்கை எடுங்க! ஒண்ணும் செய்ய வேணாம், கையில பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும். நான் நாற்காலிக்கு வந்துடறேன். தம்பி... தம்பி?

எங்க போனான்? மெஷினும் இல்ல! உருட்டிட்டுப் போற சத்தமே கேக்கலையே!

...வாம்மா, வா வா. இப்பதான் போனான். தங்கமான ஆளு, ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. பாரு, தோட்டத்தை என்னமா ஆக்கிட்டான் பாரு. நானா? நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கவே இல்ல. முட்டியா? முட்டியில என்ன... ஓ, மண்ணு. அவன் வாரும்போது பறந்து வந்துது. ரெண்டு முட்டிக்கும் அளவெடுத்து ஒட்டுமான்னா... காத்து அப்படி அடிச்சுதும்மா.

என்ன சொன்ன? தெருமுனையில பாத்தியா? மெஷினைத் தள்ளிக்கிட்டுப் போனானா? நிறுத்தி விசாரிச்சியா! உனக்கு எதுக்கும்மா ஊர்ல இல்லாத வேலை? சரி, என்ன போட்டுக் குடுத்தான்?

...யாருக்கு, அவனுக்கா? ஆள் பத்தலையா? அதுக்கு நான் என்ன... என்னது? "அந்தப் பெரியவரை நாளையிலேருந்து எங்கூட அனுப்பறீங்களா"ன்னு உங்கிட்டயே கேட்டானா?

முறைக்காத. அந்த போனைக் கீழ வை. சிமென்ட்காரன் எங்கயும் ஓடிப் போயிட மாட்டான்.

...காலையில எத்தனை மணிக்காம்?