மேலோஸ்காரர் மீது எனக்குப் பொறாமை

ஓடுகிறோம். மணலில் கால் புதைகிறது. தூரத்தில் ஷெல் குத்தும் சத்தம். பிறகு அது கூவிக்கொண்டு வருகிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது என் அண்ணன் குகன். நான் விழுகிறேன். வெடிக்கிறது. காதுக்குள் விசில் சத்தம் மட்டும். தலையைத் தூக்குகிறேன். அண்ணன் நின்ற இடத்தில் குழி.

இரண்டாயிரத்து ஒன்பது. மாசி மாதம், போரின் கடைசி மாதங்கள். மாத்தளன் கடற்கரை. திகதி தெரியாது. அங்கே யாரிடமும் கலண்டர் இருக்கவில்லை.

அதே ஷெல்லில் பக்கத்துப் பங்கரில் பதுங்கியிருந்த ரதியக்காவின் கணவரும் போனார். அவருடைய உடல் முழுதாகக் கிடந்தது. ரதியக்கா முகத்தைத் துடைத்தார். சேலையால் சுற்றினார். நாலு பேர் சேர்ந்து புதைத்தார்கள். நான் நின்று பார்த்தேன். அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. அவருக்குத் துடைக்க ஒரு முகம் கிடைத்தது. எனக்கு அண்ணனின் ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பொறாமையோடுதான் ஜேர்மனிக்கு வந்தேன்.

இப்போது பேர்லின். நொய்கெல்ன் பகுதியில் மூன்றாம் மாடி. சமையலறையில் என் மகள் ஆரணி வகுப்பில் பேசுவதற்குப் பழகுகிறாள். தலைப்பு, பண்டைய கிரேக்கத்தின் ஒரே ஓர் ஆண்டு. கிறிஸ்துவுக்கு முன் நானூற்றுப் பதினாறு. ஜேர்மன் மொழியில் பேசுகிறாள். எனக்கு விளங்காத இடத்தைத் தமிழில் சொல்கிறாள்.

அந்தக் கோடையில் ஒலிம்பியாவில் தேரோட்டப் போட்டி. ஏதென்ஸின் அல்கிபியாதேஸ் ஏழு தேர்களை இறக்கினான். முதலிடமும் இரண்டாமிடமும் அவனுக்கே. அதே கோடையில் ஏதென்ஸின் கப்பல்கள் மேலோஸ் என்ற சிறிய தீவைச் சூழ்ந்தன. நடக்கிற போரில் எந்தப் பக்கமும் சேராமல் இருக்க விடுங்கள் என்று மேலோஸ்காரர் கேட்டார்கள். ஏதென்ஸ் விடவில்லை. முற்றுகை. பசி. குளிர் காலத்தில் சரணடைந்தார்கள். பிடிபட்ட ஆண்களை ஏதென்ஸ்காரர் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அவர்களில் ஒருத்தியை அல்கிபியாதேஸ் வாங்கினானாம்.

வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினேன். ஒரு சின்னத் தீவு. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்குப் பிறகும் அவர்களைப் பற்றிப் பேர்லினில் ஒரு பிள்ளை பாடமாக்குகிறாள். வகுப்பே இருந்து கேட்கப்போகிறது. அந்தச் செத்தவர்கள் மீது எனக்குப் பொறாமை. என் அண்ணனைப் பற்றி எந்த வகுப்பில் பேசுகிறார்கள்? என் மகளே கேட்டதில்லை. நான் சொன்னதும் இல்லை.

எத்தனை ஆண்களைக் கொன்றார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் எண்ணி எழுதேல்லை அம்மா. பிறகு அங்கை குடியேற அனுப்பின ஏதென்ஸ்காரரைத்தான் எண்ணியிருக்கினம். ஐந்நூறு பேராம்."

கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். குடியேறியவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. செத்தவர்களுக்கு இல்லை. பொறாமைப்பட அவர்களிடமும் பெரிதாக ஒன்றும் இல்லை.

"எங்கட ஆக்களை நான் எண்ணி வைச்சிருக்கிறன். கேக்கிறியே?"

ஆரணி என்னைப் பார்த்தாள். மடிக்கணினியை மூடினாள்.

"ஓம் அம்மா. சொல்லுங்கோ."

சொன்னேன். முதலில் விட்டுவந்தவை. ஒரு கல்வீடு. ஒரு தையல் மெசின். கட்டை அவிழ்த்துவிட்டு வந்த இரண்டு ஆடுகள். அண்ணன் குகன், மாசியில். அம்மா, பங்குனியில், கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது. அண்ணி வதனா, சித்திரையில். அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

இறந்தவர்களைப் பதிந்த அலுவலகத்தில் மூன்று பேர் என்றுதான் எழுதினார்கள். பிள்ளைக்குப் பெயர் இல்லையாம். நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

நாலு.