எட்டாவதற்கு ஒரு பெயர்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, பணி முடிந்தும் வீடு திரும்பாமல் அமர்ந்திருக்கும் செவிலியத் தாய்மார்களே, எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரம் பார்க்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்!

புதிய சர்வர் அறையைத் திறந்தாயிற்று. அதிலுள்ள ஒரு சிறு பெட்டியைப் பற்றியே பேச வந்தேன். எட்டு சர்வர் கணினிகள்; ஒரே திரை, ஒரே விசைப்பலகை. வேண்டிய சர்வரைத் திரைக்கு அழைத்துவரும் அந்தப் பெட்டிதான் கே.வி.எம். சுவிட்ச்.

"இதுல பேச என்னங்க இருக்கு?" என்கிறார் அங்கே ஒருவர். இருக்கிறது ஐயா, ஒரு மனுஷி இருக்கிறார்.

பழைய அறையில் என்னோடு வேலை பார்த்தவர். வயரக்கா என்றே அழைப்போம். கேபிளின் இரு முனையிலும் சீட்டு ஒட்டாமல் எதையும் மாட்டவிட மாட்டார். "பேரில்லாம மாட்டாதடி. அப்புறம் கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பா?" என்பார். சர்வர்களை வரிசையாகக் காட்டும் திரைப் பட்டியலிலும் வெறும் எண் கூடாது. மருந்தகம், ஆய்வகம், இரத்த வங்கி என்றே எழுதினார்.

ஒரு நண்பகலில் மின்சாரம் போய் வந்தது. மற்ற சர்வர்களெல்லாம் எழுந்தன, மருந்தகம் எழவில்லை. மருந்துக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டியது. திரையில் ஒரே வரி: விசைப்பலகையைக் காணவில்லை.

"கெட்டுப்போகலடி," என்றார் வயரக்கா. "அது எழுந்திரிக்கிறப்ப நாம வேற சர்வரைப் பாத்துட்டிருந்தோம். யாருமே இல்லன்னு நெனச்சு நின்னுடுச்சு."

ஒரு விசையைத் தட்டினார். எழுந்தது! பிறகு சண்டை போட்டு நல்ல சுவிட்சை வாங்கவைத்தார். அது, திரையில் இல்லாத சர்வருக்கும் 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்கு எட்டாதவருக்கு அப்படிச் சொல்ல நமக்கு ஒரு பெட்டி உண்டா? பிரிந்தவரின் குரல் தேயாமல் காக்க ஒரு கேபிள் உண்டா?

மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் வயரக்கா கடல் கடந்து போனார். அவர் நாற்காலியில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை. ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்:

"அது என்னடி இரைச்சல்?"

"நம்ம சர்வர் ஃபேன்தான் அக்கா."

"வெச்சிடாத. கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."

தொலைபேசியை ஃபேன்களின் பக்கம் நீட்டினேன். ஃபேன்கள் மட்டும் பேசின.

புதிய சுவிட்சில் ஒரே நேரத்தில் இருவர் வேலை செய்யலாம். இரண்டாமவர் இணையம் வழியே உலகின் எந்த மூலையிலிருந்தும் உள்ளே வரலாம். அந்த இடத்தை வயரக்காவுக்குக் கேட்டேன். "இன்றைக்குள் அவர் உள்ளே வந்துவிட்டால் வேலை அவருக்கு, இல்லையென்றால் வெளி நிறுவனத்துக்கு" என்றார் இயக்குநர். அக்காவோ, "பாக்கலாம்டி" என்றதோடு சரி. எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. கம்பி வழியே யாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட முடியாது. ஆனாலும், அவையோரே, காலையிலிருந்து அந்தப் பட்டியலை மூடாமல் வைத்திருக்கிறேன். என் பின்னால் பெரிய திரையில் அதுதான் தெரிகிறது.

என்னம்மா? திரும்பிப் பார்க்கவா?

என் கைகள் இங்கே இருக்கின்றன. பட்டியலில் யாரோ நகர்கிறார்கள். மருந்தகம்... ஆய்வகம்... இரத்த வங்கி... போன வாரம் நான் அவசரமாக மாட்டிய எட்டாவதில் வந்து நிற்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து எழுத்தாக வருகிறது:

"இதுக்கு ஏன்டி பேர் வைக்கல?"

இயக்குநர் அவர்களே, நீங்களே படித்துவிட்டீர்கள். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம். உள்ளே எனக்காக ஒருவர் காத்திருக்கிறார். நான் போக வேண்டும்.