தங்கச்சியின் ஹெல்மெட்

பிள்ளைகளா, நாளைக்கு நீங்களும் ஒருவரை விரும்புவீர்கள். அதனால்தான், இன்று காலை நம்ம ஊர் தெப்ராவில் காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்க வரிசையில் நின்றபோது கேட்டதை எழுதி வைக்கிறேன்.

எனக்கு முன்னால் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் நின்றார்கள். அவள் கையிலிருந்த ஹெல்மெட்டைக் காட்டிச் சொன்னாள்:

“அஞ்சு வருஷமா உன் தங்கச்சி ஹெல்மெட்டையே போட்டுக்கிட்டு உன் பின்னால வரேன். எனக்குன்னு ஒண்ணு வாங்க மாட்டியா?”

“இது நல்லாத்தானே இருக்கு.”

“லூசா இருக்கு லா. காத்துல ஆடுது.”

“வாரை இழுத்து மாட்டு.”

“விளையாடாத.”

“புதுசு வாங்கினா வீட்டுல வைக்கணும். யாருதுன்னு அம்மா கேப்பாங்க.”

“கேக்கட்டும்னுதான்டா சொல்றேன்.”

அவன் கடைக்காரர் பக்கம் திரும்பினான். பிறகு, “சம்பல் கூடப் போடச் சொல்லட்டா?” என்றான்.

அவள் தலையாட்டினாள். கிளம்பும்போது அதே ஹெல்மெட்டைத்தான் மாட்டிக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. உங்கள் அம்மா ஃபேக்டரி பஸ்ஸில் போக ஆரம்பித்ததிலிருந்து, கல்யாணத்துக்கு முன்னால் நான் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஹெல்மெட் அலமாரி மேலேயே கிடந்தது. அதை எடுத்துத் தூசி துடைத்து, வாசல் ஆணியில் என்னுடையதற்குப் பக்கத்தில் மாட்டினேன்.