மூணாவது முங்கு

எறியாதீங்க அத்தான், அந்த வாட்ச எறியாதீங்க. இந்த ஆத்துக் கசத்துக்குள்ள போட்டா அது பாட்டுக்கு அடியில போயி உக்காந்துக்கிட்டு, எத்தன மீட்டர் ஆழம்னு கெண்டைக்கும் விலாங்குக்கும் காட்டிக்கிட்டுக் கெடக்கும். நமக்கு என்ன லாபம்? மஸ்கட்டுல கடை கடையா ஏறி எறங்கி வாங்குன சாமான். ஒரு நம்பர் கூடச் சொல்லிட்டுன்னு இப்படியா கோவிச்சுக்கிடுவாங்க.

சரி, நீங்க முங்குனது ரெண்டு தடவதான். வாட்சு மூணுங்குது. நான் என்ன செய்ய? நான் எதையும் அமுக்கல, திருகல. அது உங்க கையிலதான இருக்கு. ஊர்ல பம்புசெட்டு நின்னு போனாலும் கோயில் மைக்கு கீச்சுன்னு கத்துனாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாக்காங்க. நீங்களும் எங்க வீட்டு மாப்பிள்ளையாகி ஒரு வருசத்துல நல்லாப் பழகிட்டிய.

எங்க எந்திரிக்கிய? இன்னொரு தடவ எறங்குனா கணக்கு நேராயிருமாக்கும்? அப்பம் அது நாலுன்னு காட்டும். உக்காருங்க. பாறை சுடுதுன்னா இந்தத் துண்டப் போட்டுக்கிடுங்க.

மண்ணு இல்லாம வீட்டுக்கு வர மாட்டேங்கிய. தெரியுமே. அன்னைக்குச் சோத்துக்கு முன்னால உக்காந்து எங்கப்பா சொன்னதுல வந்த வென. கேளுங்க, அப்படியே சொல்லுதேன். மூக்குக்கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பத்திரம் வாசிச்ச அதே கொரல்ல: மாப்பிள்ள, மேற்படி கசமானது ஏழு பனை ஆழம். வில்லு வண்டி மாட்டோட தாந்து போயி, மாட்டு மணி கூடத் திரும்பிக் கெடைக்கல. அடின்னு ஒண்ணு இருந்தாத்தான மாப்பிள்ள எட்டும்?

நீங்க சும்மா இருந்திருக்கலாம். அப்பளத்த நொறுக்கிக்கிட்டு, பத்து மீட்டர் கூட இருக்காது மாமா, நான் அடி மண்ண அள்ளிட்டு வந்து உங்க உள்ளங்கையில வைக்கேன்னிய. அப்பா ரசத்த ஊத்தச் சொல்லிட்டாரு. அவரு ரசம் கேட்டா பேச்சு முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். நாளைக்கு நீங்க மெட்ராஸ் வண்டி ஏறணும், அங்கருந்து பிளேனு. இன்னைக்கு விட்டா அடுத்த லீவு வரைக்கும் அவரு ஊர் பூரா உங்க பேர்ல பத்திரம் எழுதிருவாரு. எல்லாம் புரியுதுத்தான். ஆனா கொஞ்சம் உக்காருங்க.

என்னது, கடைக்காரன் ஏமாத்திட்டானா? பாவம், அவரச் சொல்லாதீங்க. நீங்க எங்கிட்ட சொன்னதுல எனக்கு அவரு கொரலே மனப்பாடம். சாலமோன் அண்ணாச்சி, மணப்பாட்டுக்காரரு, கண்ணாடிப் பெட்டி மேல ரெண்டு வாட்ச வச்சாரு. ஒண்ணு முள்ளு வச்சு, வளையம் திருகுத மாதிரி, தகதகன்னு. இன்னொண்ணு இந்தா, இந்தக் கறுப்பு சோப்பு டப்பா. நீங்க தகதகப்புல கைய வச்சிய. உடனே அவரு, கடக்காத்து குடிச்ச கொரல்ல: தம்பி, அது கல்யாண வீட்டுக்குக் கெட்டிட்டுப் போக. மூச்சப் புடிச்சிக்கிட்டு உள்ள போறவனுக்கு முள்ளப் பாத்துக் கணக்குப் போட நேரம் ஏது? எழுத்து பெருசா இருக்கணும், இருட்டுல மினுங்கணும், நனஞ்சதும் தன்னால முழிச்சிக்கிடணும். சிலிண்டர் கெட்டி முங்குறவனுக்கு ஒரு கணக்கு, சும்மா மூச்சடக்கி முங்குறவனுக்கு ஒரு கணக்கு. இதுல ரெண்டும் உண்டு.

சிரிக்கியளா? சிரிங்க. சிரிச்சா மூச்சு நல்லா உள்ள போகும்.

நனஞ்சதும் முழிச்சிக்கிடும்னு அவரு சொன்னது பொய்யில்ல. நான் சோதிச்சுப் பாத்துட்டேன். நீங்க தூங்கும்போது ரசத்துல விட்டேன். டக்குன்னு முழிச்சிட்டு. எங்க அக்கா கரண்டியத் தூக்கிக்கிட்டு வந்தா பாருங்க, பல்லக் கடிச்சிக்கிட்டு: ஏலே கணேசா, அவுக பாத்தா தோல உரிச்சிருவாக, அது மாசச் சம்பளம்லே. உடனே கழுவித் தொடச்சு உங்க தலமாட்டுல வச்சதும் அவதான். உங்க கையில ரெண்டு நாள் புளி வாசம் அடிச்சதுல்லா, அது சோப்பு வாசம் இல்ல.

அதனாலதான் கெட்டுப் போச்சுங்கியளா? கெடலத்தான். ரசம் குடிச்சா எண்ணிக்கை எப்படிக் கூடும்? அப்படிக் கூடுனா நான் கணக்குப் பரீச்சைக்கு முந்தி அண்டா அண்டாவாக் குடிச்சிருப்பேன்.

ஆனா ஒண்ணு, அது உப்புத்தண்ணிக்குப் பொறந்த வாட்சு. தாமிரவருணித் தண்ணில கொஞ்சம் கொறச்சுத்தான் காட்டும். நான் சொல்லல, பிசிக்ஸ் தேவமணி சார் சொன்னது. அவரு ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல சாக்பீஸ வச்சிருவாரு: கடல்... நீர்... அடர்த்தி... மிகுந்தது. ஆகையால்... கருவி... ஏமாறுகிறது. லே, கணேஷ்ராம்... நீ ஏன்... என்னைப் போலவே... பேசுகிறாய்? வெளிய போ. நான் வெளிய நின்னுதான் மிச்சத்தக் கேட்டேன்.

ஆமா, அது ஆழத்துக்கு. எண்ணிக்கைக்கு உப்பும் இனிப்பும் கெடையாது. நீங்க விவரந்தான். சும்மா சொல்லிப் பாத்தேன்.

என் சட்டையா? ஆமா, நனஞ்சிருக்கு. பாசி வழுக்கி விட்டுட்டு. நீங்க உள்ள இருக்கும்போதுதான், நீங்க பாக்கல. சட்டைப் பையில கெடந்த வறுகடலை எல்லாம் ஊறிப் போச்சு. வேணுமா? வேண்டாம்னா விடுங்க. தலைமுடி வேர் வலிக்கா? தண்ணி அழுத்துச்சோ என்னமோ. கன்னமா? செவந்துதான் இருக்கு. வெயிலு. ஒரு பக்கம் மட்டும் வெயில் அடிக்குமான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல, சூரியன் அந்தப் பக்கம்லா நிக்கி.

ஏன் அத்தான் அப்படிப் பாக்கிய? வெளையாடலத்தான்.

அதுலயும் உங்களத் தப்பு சொல்ல முடியாது. போன வாரம் நீங்க அம்பாசமுத்திரத்துல உங்க வீட்டுல இருந்தப்ப, எஸ்டிடி பூத்துலருந்து அக்கா கொரல்ல போன் போட்டது நாந்தான். ஏங்க, சமையக்கட்டுல பாம்பு நுழைஞ்சிட்டுங்க, நான் அம்மிக்கல்லு மேல ஏறி நிக்கேங்கன்னு. நீங்க சட்டையத் தலைகீழா மாட்டிக்கிட்டு பஸ்ஸுல தொத்தி வந்திய. வந்து பாத்தா அவ வாரப் பத்திரிகை படிச்சிக்கிட்டு முறுக்குத் திங்கா. அதுலருந்து நான் என்ன சொன்னாலும் நீங்க ஒரு புருவத்தத் தூக்கித்தான் கேக்கிய. சோறு ஆறுதுன்னு சொன்னாக் கூட தொட்டுப் பாக்கிய. இப்பம் நான் வாயால ஒண்ணு சொன்னேன்னு வைங்க, போலே எமகாதகான்னுட்டு நேரா தண்ணில குதிப்பிய. அதான் வாட்ச வச்சே பேசிக்கிட்டு இருக்கேன். அது என் பாம்புக் கதையில இல்லல்லா.

சரி, அந்தக் கீழ உள்ள பித்தான அமுக்குங்க. இன்னொருக்க. இப்பம் ஒவ்வொரு முங்கா வரும். வாசிங்க, நானும் கேக்கேன்.

மொதல் முங்கு, ஆறு மீட்டர். அது காது அடச்சிட்டுன்னு பாதியில திரும்புனிய. சரிதான?

ரெண்டாவது, ஒம்பது மீட்டர் சொச்சம். அடியத் தொட்டுட்டிய. எங்கப்பாவோட ஏழு பனையும் அங்கனயே சாஞ்சிட்டு. நகத்துக்குள்ள பாருங்க, கறுப்பா வண்டல். அள்ளுனேன், கை நெறய அள்ளுனேன், மேல வரும்போது எப்படியோ நழுவிட்டுன்னு சொல்லுதிய. நானும் பாத்தேன். தண்ணிக்கு மேல வந்தப்ப உங்க கை இறுக்கி மூடித்தான் இருந்துச்சு. நழுவல. அப்பம் மூடுன கை எப்பம் தொறந்துச்சு?

ஞாபகம் இல்லேங்கிய.

யோசிங்க. மேல வந்திய. அடுத்து என்ன? பாறையில உக்காந்திருக்கிய. நடுவுல? நடுவுல ஒண்ணும் இல்லேங்கிய. அந்த நடுவுலதான் வாட்சு மூணுன்னு எழுதி வச்சிருக்கு. வாசிங்க. ரெண்டு மீட்டர். பதினேழு செகண்டு. மஸ்கட்டுலருந்து வந்தவரு, மூச்சுப் புடிக்கப் பழகுனவரு, ரெண்டு மீட்டர் ஆழத்துக்குப் போயி பதினேழு செகண்டு என்ன பண்ணுனிய?

சாலமோன் அண்ணாச்சி சொன்னாருல்லா, மேல வந்து கொஞ்சம் தங்கிட்டுத் திரும்ப உள்ள போனா அடுத்த முங்குன்னு புதுசா எழுதிக்கிடும்னு. அது ஒழுங்காத்தான் எழுதியிருக்கு. அதுக்கு ஆழம் தெரியும், நேரம் தெரியும். கெட்டியிருக்கவன் முழிச்சிருக்கானா இல்லியான்னு மட்டும் தெரியாது.

அது நீங்க முங்குனது இல்லத்தான். தாந்தது.

கையத் தூக்கிக் காமிச்சிய. ஒரு மூச்சு இழுத்திய. என்னப் பாத்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் கண்ணு தொறந்தபடியே இருக்கு, உள்ள நீங்க இல்ல. ஒதடு நாவப்பழமாப் போச்சு. விரல் ஒவ்வொண்ணா விரிஞ்சு மண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. சத்தமே இல்லாம, நின்னவாக்குல, அப்படியே பைய எறங்குனிய. முடியப் புடிச்சுத் தூக்குனது நாந்தான். கன்னத்துல அறஞ்சதும் நாந்தான், அதுக்கு வேணா அக்காட்ட சொல்லி ரெண்டு அறை வாங்கித் தாங்க. நாலஞ்சு அறை விழுந்த பிறகுதான் மூச்சு வந்துச்சு. ஒரு சத்தம் போட்டிய. கண்ணு முழிச்சதும் மொதல்ல கேட்டது, ஏலே, என் மண்ணு எங்கன்னு.

இருங்க, முடிக்கல.

பதினேழு செகண்டு இருக்குல்லா, அதுல பாதி, நான் பாறையில நின்னு கை தட்டிச் சிரிச்சது. அத்தானும் நம்ம சாதியாயிட்டாரு, அந்தப் பாம்புப் போனுக்குப் பதிலு போடுதாருன்னு நெனச்சேன். நல்லாப் பண்ணுதிய, இன்னும் கொஞ்சம் கையத் தொங்க விடுங்கன்னு கூடச் சொன்னேன். நீங்களும் விட்டிய.

இப்பம் அந்த வாட்சுல அடுத்த பித்தான அமுக்காதீங்க. போதும். எந்திரிங்க. தண்ணிப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். மொதல்ல டாக்டருகிட்டப் போவோம், எங்கப்பாவ அப்புறம் பாத்துக்கிடலாம். நகத்து மண்ணக் கழுவிராதீங்க. தோள் மேல கையப் போடுங்க. பாசி இருக்கு. பைய.